விலை கூடிய சுருட்டு காசுக்குத் தகுமா? கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

பதினெட்டு வருடமாகச் சுருட்டுக் கொள்முதல் வேலையில் இருக்கிறேன். வருகிற பெட்டிகளைத் திறந்து மோந்து பார்ப்பது, விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பது, சந்தேகம் வந்தால் ஒன்றை எடுத்து நீளவாக்கில் பிளந்து உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது, இதுதான் தினப்படி வேலை. இவ்வளவு விலை கொடுத்து வாங்குவது தகுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார். ஒன்று இன்னொன்றைவிடப் பத்து மடங்கு விலை என்றால் பத்து மடங்கு நன்றாக இருக்குமா?

இருக்காது. அதற்காக, "எல்லாம் ஒரே புகையிலைதான், பெயருக்குத்தான் காசு" என்று சொல்வதும் சரியில்லை. மலிவான சுருட்டிலிருந்து நடுத்தர விலைக்கு வந்தால் வித்தியாசம் முதல் தடவை பிடிக்கிறவருக்கே தெரியும். நடுத்தரத்திலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே போனால் பழகிய நாக்குக்குத் தெரியும். அதற்கும் மேலே, பூட்டிய கண்ணாடி அலமாரியில் இருக்கிறதே, அந்த விலைக்குப் போனால், பேண்டை, அதாவது சுருட்டைச் சுற்றி ஒட்டியிருக்கிற பெயர்ப்பட்டையை, கழற்றிவிட்டுக் கையில் கொடுத்தால் பல தடவை எனக்கே சொல்ல முடிந்ததில்லை. என்னைக் கேட்டால் காசுக்கு முழு மதிப்பும் கிடைப்பது நடுத்தர விலையில்தான்.

கேள்வி: மலிவானதற்கும் நடுத்தரத்துக்கும் உள்ளே அப்படி என்ன மாறுகிறது?

இரண்டையும் வாங்கிப் பிளந்து பாருங்கள், நான் சொல்லவே வேண்டாம். மலிவானதை ஒரு வெள்ளைத் தாள்மேல் வைத்து நீளமாகக் கீறினால் தூளும் துண்டுமாகக் கொட்டும், நடுநடுவே காம்புத் துணுக்கு வரும். வெளியே சுற்றியிருப்பது பல நேரம் இலையே இல்லை, புகையிலைக் கூழைத் தாள்போல் தட்டிக் காயவைத்தது. நடுத்தர விலையில் கையால் சுற்றியதைக் கீறினால் எதுவும் கொட்டாது. நடு நரம்பு நீக்கிய முழு இலைகள், தலைமுதல் கால்வரை ஒரே நீளத்தில், ஒன்றன்மேல் ஒன்று விசிறி மாதிரி மடிந்து கிடக்கும். அந்த மடிப்புகளுக்கு நடுவே காற்று போக வழி இருக்கும். இழுக்கும்போது புகை சூடேறாமல் வருவதும் சாம்பல் உதிராமல் நிற்பதும் அதனால்தான்.

ஒரு சுருட்டில் மூன்று பகுதி உண்டு. உள்ளே ஃபில்லர், அதைக் கட்டிப் பிடிக்கிற பைண்டர், மேலே ராப்பர். ஃபில்லரிலேயே செடியின் எந்த உயரத்து இலை என்பதைப் பொறுத்துக் குணம் மாறும். அடியில் இருக்கிற வொலாடோ நன்றாக எரியும், சுவை குறைவு. நடுவில் இருக்கிற செகோவுக்கு வாசனை. மேலே வெயிலை நேராக வாங்குகிற லிகேரோ தடிப்பு, காரம், மெதுவாகத்தான் எரியும். அதனால் சுற்றுகிறவர் லிகேரோவைச் சரியாக நடுவில் வைக்க வேண்டும், ஓரம் தள்ளிப்போனால் சுருட்டு ஒரு பக்கமாகவே எரிந்து போகும். அந்தக் கைப்பழக்கம் வர வருடங்கள் ஆகும். நல்ல சுருட்டில் நீங்கள் கொடுக்கிற கூலி இதற்குத்தான்.

கேள்வி: இலையைப் பழசாக்கி வைப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா, விற்பனைப் பேச்சா?

உண்மைதான், விலை ஏற நியாயமான காரணமும் அதுதான். பறித்த இலையைக் கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். பிறகு ஈரம் காட்டி, பெரிய அம்பாரமாக அடுக்கி, தன் சூட்டிலேயே புளிக்க விடுவார்கள். அம்பாரத்தின் நடுவில் கையை விட்டால் சுடும். சூடு அளவு மீறினால் பிரித்து, உள்ளதை வெளியேயும் வெளியே உள்ளதை உள்ளேயும் மாற்றி அடுக்க வேண்டும். இதில்தான் அம்மோனியா வெளியேறும், காரல் அடங்கும். அதன் பிறகும் இலை மூட்டையில் வருடக்கணக்கில் கிடக்கும், போட்ட காசும் அதுவரை முடங்கித்தான் கிடக்கும். அவசரப்பட்டுச் சுற்றிய சுருட்டை மோந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறும். எத்தனை பெரிய பேண்டு போட்டிருந்தாலும் அந்த நெடி அடித்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: கியூபாவில் செய்தது என்றாலே உசத்தி என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் வுயெல்டா அபாஹோ என்ற பகுதி உண்டு. அந்த மண்ணில் வருகிற இலைக்குத் தனி வாசனை இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விலையில் மண்ணைத் தவிர வேறு சிலதும் சேர்ந்திருக்கிறது. 1962-ல் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபப் பொருள்களுக்குத் தடை போட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தன் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சரை அனுப்பித் தனக்கென்று ஆயிரத்துக்கு மேல் ஹெச். அப்மன் என்ற கியூபச் சுருட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார் என்று சாலிஞ்சரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிடைக்காத பொருள் என்ற ஆசை அன்றைக்குத் தொடங்கியது, இன்னும் விலையை ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அதே காலத்தில் கியூபாவில் தொழில் அரசுடைமை ஆனதும், தோட்டக்காரர்களும் சுருட்டுக் குடும்பங்களும் விதையோடும் கைத்தொழிலோடும் டொமினிகன் குடியரசு, நிகராகுவா, ஹோண்டுராஸ் என்று கிளம்பிப் போனார்கள். ஹோசே ஓர்லாண்டோ பட்ரோன் 1964-ல் மயாமியில் சின்னதாகத் தொடங்கிய கடை இன்று நிகராகுவாவின் எஸ்டெலியில் வேரூன்றி நிற்கிறது. டேவிடாஃப் என்ற பெரிய சுருட்டு நிறுவனமே கியூபாவோடு முறித்துக்கொண்டு உற்பத்தியை டொமினிகன் பக்கம் கொண்டுபோனது. என் அனுபவத்தில், ஒரு பெட்டியில் இருக்கிற எல்லாச் சுருட்டும் ஒரே மாதிரி இழுக்க வேண்டும் என்று பார்த்தால் எஸ்டெலியும் டொமினிகனும்தான் முன்னால் நிற்கின்றன. கியூபப் பெட்டியில் ஒன்று அற்புதமாக இருக்கும், பக்கத்தில் இருப்பது அடைத்துக்கொண்டு இழுக்கவே வராது. அவ்வளவு விலை கொடுத்தவருக்கு அது வயிற்றெரிச்சல்.

கேள்வி: கோஹிபா பெஹிகே? வாழ்க்கையில் ஒரு தடவையாவது பிடிக்க வேண்டும் என்று ஆசை அண்ணா.

கோஹிபா என்ற கியூபச் சுருட்டு 1966-ல் காஸ்ட்ரோவுக்காகவும் அரசு விருந்தினர்களுக்குப் பரிசாகவும் தொடங்கியது, 1982-ல்தான் பொது விற்பனைக்கு வந்தது. 2010-ல் வந்த பெஹிகே வரிசையில் மெதியோ தியெம்போ என்ற இலை சேர்கிறது. செடியின் உச்சியில் இருக்கிற ஓரிரு இலை, எல்லாச் செடியிலும் வராது. அதனால் விலையில் ஒரு பங்குக்கு நியாயம் உண்டு.

மீதிப் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். 2022-ல் கியூபச் சுருட்டுகளை உலகுக்கு விற்கிற ஹபானோஸ் நிறுவனம் கோஹிபா, டிரினிடாட் என்ற இரண்டு சுருட்டுப் பெயர்களின் விலையையும் உலகம் முழுக்க ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறோம் என்று ஏற்றியது. பல நாடுகளில் ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. முதல் நாள் அலமாரியில் இருந்த அதே பெட்டி, அதே இலை. மறுநாள் அது இரண்டு மடங்கு நல்ல சுருட்டாக மாறிவிட்டதா? தம்பி, ஆசை இருந்தால் ஒன்றே ஒன்று வாங்கு, ஒருவேளை ரொம்பப் பிடித்தும் போகலாம். பெட்டியாக வாங்காதே, கடன் வாங்கியும் வாங்காதே.

கேள்வி: வெளியூர் போனபோது கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கோஹிபா பாதி விலைக்குக் கிடைத்தது. லாபம்தானே?

போலி. கோஹிபா கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதே இல்லை. சுற்றுலாப் பயணிகளைக் குறிவைத்துச் செய்வது. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதில் என்ன குப்பையைச் சுற்றியிருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது, பற்ற வைக்காதீர்கள். பேண்டில் அச்சு மங்கலாக இருப்பது, புள்ளி வரிசை பாதியில் வெட்டுப்படுவது, ஒரே பெட்டியில் நிறம் பலவிதமாக இருப்பது, இதெல்லாம் அடையாளம். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: தடிமனாக இருந்தால் காசுக்கு அதிகம் கிடைத்த மாதிரிதானே?

எடைக்கு அதிகம், சுவைக்கு அப்படி இல்லை. தடிமனை ரிங் கேஜ் என்ற கணக்கில் சொல்வார்கள், ஒரு ரிங் என்றால் ஓர் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு. 50 ரிங் சுமார் 20 மில்லிமீட்டர், 60 ரிங் சுமார் 24. தடிக்கத் தடிக்க உள்ளே ஃபில்லர் கூடும், அதன்முன் ராப்பரின் பங்கு குறைந்துபோகும். மொத்த இலையிலும் விலை அதிகமானது ராப்பர்தான், சுவையிலும் அதற்குப் பெரிய பங்கு. ஓட்டை இல்லாமல், நரம்பு தடிக்காமல், ஒரே நிறத்தில் இலை வேண்டும் என்பதால் ஏராளமாகக் கழித்துக் கட்டுவார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இதற்காகவே வயலுக்கு மேலே துணிப் பந்தல் போட்டு நிழலில் வளர்த்து வந்திருக்கிறார்கள். ஈக்வடாரில் அந்த வேலையை மேகமே செய்துவிடுகிறது. மெலிந்த சுருட்டில் அந்த ராப்பரின் பங்கு அதிகம், அதனால் அதை ஏளனமாகப் பார்க்காதீர்கள்.

கேள்வி: விலை உயர்ந்த பெட்டி ஒன்று பரிசாக வந்தது. ஆறு மாதம் கழித்துப் பிடித்தால் கசப்பு, ராப்பரும் வெடிக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெட்டியை எங்கே வைத்தீர்கள்? மேசை அலமாரியில் என்றால் சுருட்டின் மேல் தப்பில்லை, காய்ந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில்தான் ஆள்கள் அதிகம் காசை இழக்கிறார்கள். நன்றாக வைத்திருந்த நடுத்தரச் சுருட்டு, காய்ந்துபோன உயர்தரச் சுருட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஈரப்பதம் 65-லிருந்து 70 சதவீதம், சூடு 18-லிருந்து 21 டிகிரி. ஹியூமிடார் என்கிற, ஈரப்பதம் காக்கிற ஆடம்பரப் பெட்டி தேவையே இல்லை, காற்றுப் புகாத டப்பாவும் ஈரப்பதம் காக்கிற பொட்டலம் ஒன்றும் போதும். சூடு 24 டிகிரியைத் தாண்டாமல் பாருங்கள். தாண்டினால் இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிற வண்டு முட்டை பொரிந்து, ஊசியால் குத்திய மாதிரி ஓட்டை போட்டுவிடும்.

ஈரப்பதத்தைக் காட்டுகிற ஈரமானியை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும் அளவுக்குச் சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து மூடிய பையில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அது எப்போதும் ஐந்து குறைத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டியையும் இப்போதே டப்பாவுக்குள் வைத்துச் சில வாரம் மெதுவாக ஈரம் ஏற விடுங்கள், ஓரளவு மீளும். வேகமாக ஈரம் காட்டினால் இன்னும் வெடிக்கும்.

கேள்வி: கோன்யாக் பிராந்தியில் ஊறவைத்தது, தங்கத் தாள் சுற்றியது?

வேண்டாம். தங்கத்துக்குச் சுவை கிடையாது. ஊறவைத்தால் இலையின் வாசனை போய்விடும், நல்ல இலையை யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: விலை உயர்ந்ததில் கெமிக்கல் இல்லை, புகையை உள்ளே இழுப்பதும் இல்லை. சிகரெட்டைவிட உடம்புக்கு நல்லதுதானே?

இல்லை. இதை நான் வளைத்துச் சொல்ல மாட்டேன். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்க்குச் சுருட்டும் காரணம், உள்ளே இழுக்காவிட்டாலும் வாயும் தொண்டையும் தப்பாது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். புளிக்க வைத்த வருடமும் பேண்டின் பெயரும் இதை ஒரு துளிகூட மாற்றாது. இதுவரை பழக்கமில்லை என்றால் தொடங்க வேண்டாம், அதற்குமேல் நல்ல யோசனை என்னிடம் இல்லை. பழக்கம் இருக்கிறவர்களுக்கு: அடிக்கடி பிடிக்காதீர்கள், குழந்தைகள் இருக்கிற இடத்தில் பிடிக்கவே பிடிக்காதீர்கள்.

கேள்வி: வாங்கி வைத்தால் விலை ஏறுமாமே, முதலீடாகச் செய்யலாமா?

ஏலத்தில் நல்ல விலைக்குப் போகிற பழைய பெட்டிகள் உண்டு. ஆனால் மூலப்பெட்டி, முத்திரை, பத்து வருட ஈரப்பதக் கண்காணிப்பு எல்லாம் வேண்டும், ஒரு வாரம் மின்சாரம் போனால் அத்தனையும் போச்சு. நான் செய்யவில்லை.

கேள்வி: கடைசிப் பாகம் கசக்கிறது. கொடுத்த காசுக்குக் கடைசிவரை பிடித்துவிடுகிறேன். சரியா?

அது எந்த விலையிலும் நடக்கும். எரிய எரிய எண்ணெயும் ஈரமும் வாய்ப்பக்கமாகச் சேர்ந்துகொண்டே வரும், சூடும் நெருங்கும். நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் வேண்டாம், வேகமாக இழுத்தால் பாதியிலேயே கசக்கும். கசக்க ஆரம்பித்ததும் கீழே வைத்துவிடுங்கள். நசுக்கத் தேவையில்லை, நசுக்கினால் நாற்றம் அறையை விட்டுப் போகாது. சாம்பல் தட்டில் அப்படியே விட்டால் சில நிமிடத்தில் தானாக அணைந்துவிடும்.