முடி நீக்கும் கருவி காலைச் சுட்டது: யார் பொறுப்பு?

கேள்வி: வீட்டிலேயே பயன்படுத்தும் ‘லேசர்’ முடி நீக்கும் கருவியை என் தம்பி ஆன்லைனில் எனக்காக வாங்கிக் கொடுத்தான். ‘எல்லா நிறச் சருமத்துக்கும் ஏற்றது’ என்று விற்பனைப் பக்கத்தில் இருந்தது. நான் நல்ல கறுப்பு. இரண்டாம் முறை வைத்ததும் காலில் கொப்புளம். இப்போது வரிசையாகச் சதுரத் தழும்புகள். ‘நீங்கள் தப்பாகப் பயன்படுத்தியிருப்பீர்கள்’ என்று விற்றவர் கைவிரிக்கிறார். தயாரிப்பாளர் வெளிநாட்டில், பில் தம்பி பெயரில். வழக்குப் போட முடியுமா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாகப் போடலாம். பில் தம்பி பெயரில் இருப்பது தடையே இல்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019.

முக்கியமான விஷயம் உங்கள் தோலின் நிறம். வீட்டு உபயோகத்துக்கு ‘லேசர்’ என்று விற்கப்படும் பல கருவிகள் உண்மையில் ஐ.பி.எல். (Intense Pulsed Light) வகை, அதாவது வலுவான ஒளியை விட்டு விட்டுப் பாய்ச்சுபவை. முடியிலுள்ள மெலனின் என்ற நிறமி ஒளியை வாங்கிச் சூடாவதால்தான் வேர் பாதிக்கப்படுகிறது. கறுத்த தோலிலும் அதே மெலனின் நிறைய இருப்பதால் தோலே சூட்டை வாங்கிக் கொப்பளிக்கும். இது தெரிந்துதான் பொறுப்பான நிறுவனங்கள் நிற அட்டவணை கொடுத்து, மிகக் கறுத்த தோலுக்கு வேண்டாம் என்று எச்சரிக்கின்றன. தமிழ்நாட்டில் இந்த எச்சரிக்கையை மறைத்து விற்பது எனக்குப் பெருங்கோபம் தரும் விஷயம்.

பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் மீது வழக்கு நிற்காது என்று அதே சட்டத்தின் 87ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். அவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆனால் எல்லா நிறத்துக்கும் ஏற்றது என்று அவரே சொல்லிவிட்டு, கறுத்த தோலில் வைத்ததைத் தவறு என்று சொன்னால் எடுபடாது. விற்பவர் தானாகத் தந்த உறுதிமொழி பொய்த்துப் பாதிப்பு வந்தால் 86ஆம் பிரிவின்படி அவர் பொறுப்பு. தயாரிப்பாளருக்கு நோட்டீஸ் சேர்ப்பிக்க முடியாத நிலையிலும் அதே பிரிவு விற்றவரைத்தான் பிடிக்கிறது. போதிய எச்சரிக்கை தராத தயாரிப்பாளருக்கு 84ஆம் பிரிவு.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். பெட்டிக்குள் இருந்த கையேட்டில் உங்கள் நிறத்துக்குக் கூடாது என்று தெளிவாக அச்சிட்டிருந்தால் வழக்கு கொஞ்சம் பலவீனப்படும். அப்போதும் விளம்பரம் தவறாக வழிநடத்தியது என்ற வாதம் கையில் இருக்கிறது.

விற்பனைப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை அந்த வரி அங்கே இல்லாமல் போகலாம். தழும்புகளைத் தேதியோடு படம் எடுத்து, தோல் மருத்துவரிடம் ‘ஒளிக்கருவியால் ஏற்பட்ட தீக்காயம்’ என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணத்தைத் தருகிறோம், கருவியை அனுப்புங்கள் என்று கேட்டால் அனுப்பிவிடாதீர்கள். வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் அதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். கருவி போனால் பாதி வழக்கு போச்சு.

அப்புறம், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டியது அவர் கடமை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். நகரவில்லையென்றால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கருவியின் விலையோடு சிகிச்சைச் செலவு, உடல் பாதிப்பு, மன உளைச்சல் எல்லாவற்றுக்கும் இழப்பீடு கேளுங்கள். காயம்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். சமாதானம் பேசுகிறோம் என்று அவர்கள் இழுத்தடித்தாலும் அந்தக் கெடு நிற்காமல் ஓடும்.