வெற்றிட உலர்த்தியில் நீராவியின் அடர்த்தியை மதிப்பிடுவது எப்படி?

சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் உணவுப்பொருள் ஆலை ஒன்றில் பணிபுரியும் வாசகர் கேட்கிறார்: "எங்கள் வெற்றிட உலர்த்தி 20 மில்லிபாரில் இயங்குகிறது, மணிக்கு 2 கிலோ நீர், 45 டிகிரி செல்சியஸில் ஆவியாக வெளியேறுகிறது. என்னிடமுள்ள நீராவி அட்டவணையில் இந்த நிலைக்கு மதிப்பே இல்லை. அடர்த்தியை எப்படிக் கணிப்பது? பம்ப் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?"

அட்டவணை இல்லாததால் கவலை வேண்டாம். இவ்வளவு தாழ்ந்த அழுத்தத்தில் மூலக்கூறுகள் வெகுதொலைவில் விலகி நிற்பதால், நீராவி ஏறத்தாழ இலட்சிய வாயுவாகவே நடந்துகொள்கிறது. அழுத்தத்தைப் பாஸ்கலில் எடுத்து, 461.5 என்ற நீராவி மாறிலியையும் கெல்வின் வெப்பநிலையையும் பெருக்கிவரும் தொகையால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். காற்றுக்குரிய 287ஐப் பழக்கத்தில் போட்டுவிடாதீர்கள். உங்கள் நிலையில் 20 மில்லிபார், அதாவது 2000 பாஸ்கலை, 461.5 × 318.15 ஆல் வகுக்க, கன மீட்டருக்கு 0.0136 கிலோ வருகிறது. அதாவது ஒரு கிலோ ஆவி 73 கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். 2 கிலோவுக்கு மணிக்கு ஏறக்குறைய 147 கன மீட்டர். ஒரு கிலோ ஆவி ஏந்தியுள்ள வெப்பம், அதாவது வெப்ப அடக்கம் (enthalpy), இந்த அழுத்தங்களில் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது போல இருப்பதால், 45 டிகிரி தெவிட்டிய ஆவிக்கான மதிப்பையே, கிலோவுக்குச் சுமார் 2580 கிலோஜூல், எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கைவிட அளவியைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். முள் அளவி வளிமண்டலத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவது, அது 0.01 பார், அதாவது 10 மில்லிபார், பிசகினாலே உங்கள் அடர்த்தி பாதியளவு தவறிப்போகும். வாயு வெப்பத்தைக் கடத்தும் அளவைக்கொண்டு அழுத்தம் காட்டும் பிரானி அளவியோ காற்றுக்கு அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருந்தால், நீராவியில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். வாயு எதுவாயினும் ஒரே மதிப்புத் தரும் மின்கொள்ளளவு அளவியே (capacitance gauge) இங்கு ஏற்றது.

147 கன மீட்டரையும் பம்பின் தலையில் கட்டுவதைவிட, முன்னால் ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் ஓர் ஆவிச்சுருக்கி வைப்பது மலிவு. ஆனால் 20 மில்லிபாரில் ஆவி நீராக மாற 17.5 டிகிரிக்குக் கீழே குளிர வேண்டும். சிங்கப்பூரின் ஈர வெப்பத்தில் குளிர்விப்புக் கோபுரம் தரும் 30 டிகிரி நீருக்கு அது இயலாது. அந்த வெப்பநிலையில் தெவிட்டு அழுத்தமே, அதாவது ஆவி நீராகத் தொடங்கும் அழுத்தமே, 42 மில்லிபார். ஆகவே நீரைக் குளிரூட்டும் சில்லர் இயந்திரத்திலிருந்து 7 டிகிரி நீரைக் கொண்டுவாருங்கள். பின்னர் பம்பின் அளவை நிர்ணயிப்பது பெரும்பாலும் காற்றுக் கசிவும், அக்காற்று ஏந்திச்செல்லும் எஞ்சிய ஆவியுமே. உலர்த்தியின் உலர்ந்த வெற்று அறையில் அழுத்தத்தை இறக்கி, பம்புக்குச் செல்லும் வால்வை மூடி, அழுத்தம் ஏறும் வேகத்தை அறையின் கொள்ளளவால் பெருக்கிக் கசிவை அறிந்த பிறகே பம்புக்கு விலை கேளுங்கள்.