வாசகர் கேள்வி – பதில்: புதைமேடுகளும் பெருங்கல் கல்லறைகளும்

தொல்லியல் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பழங்காலக் கல்லறைகளைச் சுற்றியே இருந்தமையால், இம்முறை அவற்றுக்கு மட்டும் இடம் தந்திருக்கிறோம்.

அயர்லாந்திலுள்ள நியூகிரேஞ்ச் புதைமேட்டுக்குள் ஆண்டில் ஒரே ஒரு நாள் வெயில் நுழையும் என்கிறார்கள். அது தற்செயலாக அமைந்ததாக இருக்கக்கூடாதா?
– வாசகர், காரைக்குடி

தற்செயல் என்று சொல்ல இடமில்லாதபடி அந்தக் கட்டடமே சாட்சி சொல்கிறது. டப்ளினுக்கு வடக்கே, பாய்ன் ஆற்றங்கரையை ஒட்டிய மேட்டு நிலத்தில் கி.மு. 3200 அளவில் எழுப்பப்பட்ட இந்தப் புதைமேட்டின் குறுக்களவு ஏறத்தாழ 85 மீட்டர். அதன் அடிவிளிம்பைச் சுற்றி 97 பெருங்கற்கள் அணையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. தென்கிழக்கு வாயிலில் நுழைந்தால், 19 மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய நடைவழியும் அதன் முடிவில் மூன்று பக்கமும் மாடம் வைத்த ஓர் அறையும் இருக்கின்றன. நடைவழியின் தரை உள்ளே செல்லச் செல்ல உயர்ந்துகொண்டே போய், அறையை அடையும்போது வாயிலைவிட ஏறத்தாழ 2 மீட்டர் மேலே இருக்கிறது. ஆகவே வாயில் வழியாக வரும் காலை வெயில் பாதி வழியிலேயே தரையில் முட்டி நின்றுவிடும், அறையை எட்டாது. இதைத் தெரிந்துகொண்டுதான், வாயிலின் தலைக்கல்லுக்கு மேலே இரண்டாவதாக ஒரு சிறு திறப்பை விட்டிருக்கிறார்கள். அந்தத் திறப்பின் மட்டமும் அறைத்தரையின் மட்டமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், அடிவானத்திலிருந்து படுக்கையாக வரும் கதிர் மேல்திறப்பு வழியே புகுந்து நேராக அறைக்குள் விழுகிறது.

1962 முதல் 1975 வரை அங்கே அகழாய்வு நடத்திய கார்க் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி, கல்லறைக்குள் வெயில் வரும் என்று அக்கம்பக்கத்து மக்கள் சொல்லி வந்த பேச்சை ஒதுக்கிவிடாமல், 1967 டிசம்பர் 21 அன்று விடியுமுன் தனியாக உள்ளே சென்று காத்திருந்து அதைக் கண்ணால் கண்டார். ஒளி உள்ளே நிற்பது ஏறத்தாழ 17 நிமிடங்கள். புவியின் அச்சுச் சாய்வு இந்த 5,000 ஆண்டுகளில் சிறிது மாறிவிட்டதால், சூரியன் எழுந்து சுமார் நான்கு நிமிடம் கழித்தே இன்று கதிர் அறைக்குள் வருகிறது. கட்டிய காலத்தில் உதயத்தோடு உடனே வந்திருக்கும்.

ஒரு சிறு திருத்தம். ஒரே ஒரு நாள் அல்ல. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலை ஒட்டிச் சில நாட்கள் இது நிகழும். அந்த நாட்களில் உள்ளே நிற்கும் வாய்ப்பைக் குலுக்கல் முறையில் அளிக்கிறார்கள். டிசம்பர் மாதத்து அயர்லாந்து வானம் மேகம் நிறைந்தது என்பதால், குலுக்கலில் வென்றும் ஒன்றும் பார்க்காமல் திரும்பியவர்கள் பலர்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக எண்ணுவது வேறொன்று. அந்த மேல்திறப்பை வெங்கச்சங்கற்களால் அடைத்து வைத்திருந்தார்கள். கல்லை நகர்த்தி நகர்த்தித் தேய்ந்த கீறல்கள் அதன் தரையில் இருந்ததை ஓ'கெல்லி கண்டார். அதாவது, இறந்தவரை உள்ளே வைத்து மூடிவிட்டுப் போன இடமன்று அது. உயிரோடிருந்தவர்கள் மீண்டும் மீண்டும் வந்து திறந்து மூடிய இடம். நடைவழியுள்ள கல்லறைகளை எண்ணும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது: ஒரே முறை மூடுவதாக இருந்தால் நடைவழியே தேவையில்லை.

கல்லின் வயதைக் கரிமக் கணிப்பால் அறிய முடியாது என்று படித்திருக்கிறேன். பிறகு எப்படி 5,000 ஆண்டு என்று சொல்கிறார்கள்?
– வாசகி, திருநெல்வேலி

நீங்கள் படித்தது சரி. உயிருள்ள ஒன்று இறந்த காலத்தைத்தான் கரிமக் கணிப்பு சொல்லும். உள்ளே கிடக்கும் எலும்பைக் கணித்தாலும் சிக்கல் தீராது. கட்டிப் பல நூறு ஆண்டுகள் கழித்து யாரோ கொண்டுவந்து வைத்த எலும்பாகவும் அது இருக்கலாம். நியூகிரேஞ்சில் இந்தச் சிக்கலைத் தீர்த்தது மழை என்றே சொல்லலாம்.

மழை மிகுந்த நாட்டில் கட்டியவர்களுக்கு ஒழுக்கு பெருங்கவலையாக இருந்திருக்கிறது. கூரைப் பலகைக்கற்களின் மேற்புறத்தில், தண்ணீர் பக்கவாட்டில் வடிந்து ஓடும்படி வாய்க்கால்போல் கோடு வெட்டினார்கள். கற்களின் இடுக்குகளில் சுட்ட மண்ணையும் கடல் மணலையும் திணித்து அடைத்தார்கள். அந்தச் சுட்ட மண்ணில் இருந்த கரியைத்தான் ஆய்வகத்தில் கணித்தார்கள். கட்டும்போது கட்டியவர்கள் கையாலேயே வைக்கப்பட்ட பொருள் என்பதால், அது தரும் காலம் கட்டடத்தின் காலமேயன்றி வேறில்லை. அந்த அறை இன்றும் ஒழுகுவதில்லை என்பதைக் கட்டடக் கலைஞர்கள் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய கல்லறை என்றால் அரசனுக்காகத்தானே இருக்கும்?
– வாசகர், ஈரோடு

இந்த எண்ணம் எகிப்தியப் பிரமிடுகளிலிருந்து நமக்குத் தொற்றியது. நியூகிரேஞ்சில் ஓ'கெல்லி கண்டவை குறைந்தது ஐந்து பேரின் எச்சங்கள். பெரும்பாலும் எரித்த எலும்புத் துண்டுகள். மால்ட்டாத் தீவில் 1902-இல் கண்டறியப்பட்ட ஹால் சஃப்லியேனி நிலவறைக் கல்லறையில், பாறையை மூன்று அடுக்காகக் குடைந்து ஏறத்தாழ 7,000 பேரின் எலும்புகளை வைத்திருந்தார்கள். அங்கே அரசன் யார், குடி யார் என்று பிரிக்க முடியாது.

2020-இல் ஒரு மரபணு ஆய்வு இந்த விவாதத்தைக் கிளறிவிட்டது. நியூகிரேஞ்ச் அறையில் கிடைத்த ஓர் ஆணின் பெற்றோர், உடன்பிறந்தவர்களோ அல்லது பெற்றோரும் பிள்ளையுமோ ஆகும் அளவுக்கு நெருங்கிய இரத்த உறவினர் என்று அது காட்டியது. உடனே, எகிப்திய மன்னர்களைப்போல் தம் குலத்துக்குள்ளேயே மணம்செய்துகொண்ட தெய்வ அரசர்கள் அங்கே ஆண்டார்கள் என்ற கருத்து பரவிற்று. மரபணு முடிவில் ஐயமில்லை. அதன்மேல் எழுப்பிய அரச வம்சத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிப் பிறந்தவர் இதுவரை தெரிந்த அளவில் ஒருவரே. அவர் எலும்பும் பிறர் எலும்புகளோடு கலந்தே கிடந்தது. மறுப்புத் தெரிவித்துள்ள தொல்லியலாளர்களின் வாதமும் இதுதான்.

ஒரே ஒருவருக்காக மலைபோல் எழுப்பிய மேட்டைக் காண வேண்டுமானால் ஜப்பானுக்குத்தான் போக வேண்டும். சக்காய் நகரிலுள்ள தாய்சென் மேடு, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாவித்துளை வடிவில் 486 மீட்டர் நீளம். சுற்றிலும் மூன்று அகழிகள். அக்காலக் கருவிகளைக் கொண்டு நாளொன்றுக்கு 2,000 பேர் வரை வேலை செய்தாலும் முடிக்க 15 ஆண்டு 8 மாதம் ஆகியிருக்கும் என்று ஒபயாஷி கட்டுமான நிறுவனம் கணக்கிட்டது. நிந்தொகு பேரரசருடையது என்று மரபாகக் கருதப்படுவதால், அரண்மனை நிர்வாகம் கல்லறையைத் தோண்ட விடுவதில்லை. 1872-இல் மேட்டின் ஒரு பகுதி சரிந்து, கற்பேழையும் பொன்முலாம் பூசிய கவசமும் தெரிந்தன. பார்த்து வரைந்துகொண்டு மீண்டும் மூடிவிட்டார்கள்.

ஐரோப்பாவிலும் கொரியாவிலும் தமிழ்நாட்டிலும் ஒரே மாதிரி கல்திட்டைகள் இருக்கின்றனவே? ஒரே மக்கள் கட்டியிருக்க வேண்டாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராஃப்டன் எலியட் ஸ்மித் என்ற உடற்கூறியல் அறிஞர், பெருங்கல் கட்டும் வழக்கம் எகிப்திலிருந்து உலகெங்கும் பரவியது என்று வாதிட்டார். கரிமக் கணிப்பு வந்ததும் அது நிற்கவில்லை. பிரான்சின் பிரித்தானி பகுதியிலுள்ள பார்னெனே கல்மேடு, கீசாவின் பெரிய பிரமிடைவிடச் சுமார் 2,000 ஆண்டு மூத்தது. (1950-களில் சாலை போட அதிலிருந்து கல் பெயர்த்துக்கொண்டிருந்தபோதுதான் உள்ளறைகள் வெளிப்பட்டன.) கொரியாவில் கோச்சாங், ஹ்வாசுன், காங்வா ஆகிய இடங்களில் நெருக்கமாக நிற்கும் கல்திட்டைகளோ கி.மு. முதல் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை.

உங்கள் மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் நிற்பவற்றைப் போன்ற தமிழ்நாட்டுப் பெருங்கற்காலச் சின்னங்களில் இரும்புக் கருவிகளும் கறுப்பு சிவப்பு மட்கலங்களும் கிடைக்கின்றன. நியூகிரேஞ்சையும் பார்னெனேயையும் கட்டியவர்களுக்கு இரும்பே தெரியாது. முன்பலகையில் வட்டத்துளை இடும் வழக்கம் நம்மிடமும் மேற்குக் காக்கசஸ் மலைப்பகுதியிலும் இருப்பது வியப்புக்குரியதுதான். ஆனால் உள்ளே எதையாவது வைக்கவோ எடுக்கவோ வழி வேண்டும் என்று நினைப்பவர் எவரும் துளை போடத்தான் செய்வார். பலகைப்பாறை கிடைக்கிற நாட்டில் இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒன்றை வைப்பதற்கு யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு வழக்கத்துக்கு மட்டும் உள்ள ஒரு சிறப்பைச் சொல்லாமல் விட முடியவில்லை. நியூகிரேஞ்சைக் கட்டியவர்களின் மொழியில் ஒரு சொல்கூட எஞ்சவில்லை. இங்கோ, கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் சேர்த்து இடமிருக்கும்படி, இறந்தவரை வைத்துப் புதைக்கும் தாழியை அகலமாக வனைந்து தருமாறு குயவனிடம் கேட்கும் பாட்டு புறநானூற்றில் 256-ஆவதாக இருக்கிறது.

சைபீரியக் கல்லறைகளில் துணியும் தோலும்கூடக் கெடாமல் கிடைத்தது எப்படி?
– வாசகி, கோயம்புத்தூர்

திருடர்கள் செய்த உதவி. அல்தாய் மலையிலுள்ள பசிரிக் மேடுகள் ஏறத்தாழ கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து மூன்றாம் நூற்றாண்டு வரையிலானவை. ஆழக் குழி வெட்டி, மரக்கட்டைகளால் அறை அமைத்து, மேலே கற்களைக் குவித்திருக்கிறார்கள். பழங்காலத் திருடர்கள் பொன்னுக்காகத் துளைபோட்டு இறங்கினார்கள். அந்தத் துளை வழியாக மழைநீரும் பனிநீரும் அறைக்குள் இறங்கி உறைந்தன. மேலே கிடந்த கற்குவியல் கோடை வெப்பத்தை உள்ளே விடவில்லை. 1940-களின் இறுதியில் செர்கெய் ருதென்கோ, கொதிநீரை ஊற்றிப் பனியை உருக்கியபடியே அறைகளைத் திறந்தார். பச்சை குத்திய உடல், குதிரைகள், உலகில் இன்றுள்ளவற்றுள் மிகப் பழைய முடிச்சுக் கம்பளம் ஆகியவை கிடைத்தன. ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள அந்தக் கம்பளம் இப்போது ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாம் மேட்டில் கிடைத்தவை எனக்கு அதைவிடச் சுவையானவை: ஆறு கம்புகள், வெண்கலக் கலம், அதற்குள் கற்கள், கஞ்சா விதைகள். பழங்கால நாடோடி மக்களான சிதியர்கள் கம்பளிக் கூடாரத்துக்குள் சூடான கற்கள்மேல் கஞ்சா விதையைப் போட்டுப் புகையில் மகிழ்ந்து கூவுவார்கள் என்று கிரேக்கரான ஹெரோடோட்டஸ் எழுதியதைக் கட்டுக்கதை என்று இனித் தள்ள முடியாது. புவி வெப்பமடைவதால் இன்னும் திறக்கப்படாத மேடுகளின் பனி உருகிவிடுமோ என்ற கவலை இப்போது ஆய்வாளர்களிடம் இருக்கிறது.

பழைய நினைவுச்சின்னங்களில் பெயர் கிறுக்கும் வழக்கம் நம் நாட்டில் மட்டுமா?
– வாசகர், மதுரை

இல்லை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவிலுள்ள மேஸ்ஹௌ, கி.மு. 2800 அளவில் கட்டிய கல்லறை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதற்குள் புகுந்த நோர்ஸ் (ஸ்காண்டிநேவிய) மக்கள் சுவரெங்கும் முப்பது இடங்களில் ரூன் என்ற தம் பழைய எழுத்தில் வெட்டிவைத்தார்கள். எருசலேம் யாத்திரை போனவர்கள் மேட்டை உடைத்தார்கள் என்கிறது ஒன்று. இங்கெகெர்த்தான் பெண்களில் பேரழகி என்கிறது மற்றொன்று. இன்னொருவர் எட்டாத உயரத்தில் ஏறி, இதை நான் உயரத்தில் எழுதினேன் என்று எழுதியிருக்கிறார். எண்ணூறு ஆண்டுகள் கடந்ததால் இக்கிறுக்கல்களும் இப்போது பாதுகாக்கப்பட்ட தொல்பொருளாகிவிட்டன. அதை முன்மாதிரியாகக் கொண்டு நம் ஊர்க் கற்பதுக்கைகளில் யாரும் பெயர் வெட்ட வேண்டாம். நம் நாட்டில் அது சட்டப்படி குற்றம்.