இரவு ரோந்துக் குழு: பொடியளைக் கட்டுப்படுத்துவது எப்படி?

தம்பி, பரந்தன் பக்கம் மாட்டுக் களவைத் தடுக்கத் தொடங்கிய உங்கள் சிவில் பாதுகாப்புக் குழுவில் சில பொடியள் பொல்லோடு நின்று போறவாறவரை மறித்து விசாரிக்கிறார்கள், தலைவர் கண்டுகொள்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். இதை இன்றைக்கே நிறுத்துங்கள். இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 35ஆம் பிரிவு: பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தை ஒருவர் உங்கள் கண் முன்னாலேயே செய்தால் சாதாரண ஆளும் பிடிக்கலாம், ஆனால் சுணங்காமல் பொலிசிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்க, பையைக் கிளற, அடையாள அட்டையைப் பறித்து வைக்க உங்களுக்கு அதிகாரமே இல்லை. எங்கள் சனம் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற சனம், இருட்டில் ஒருத்தர் டோர்ச்சை முகத்தில் அடித்து "எங்க போறாய்?" என்று கேட்டால் நெஞ்சு எப்படிப் பதறும் என்று அந்தப் பொடியளுக்குச் சொல்லுங்கள்.

பொல்லை வீட்டில் வைக்கட்டும். டோர்ச், விசில், போன் போதும், சந்தேகம் என்றால் பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு அடியுங்கள். அப்புறம் ஒரு சீஆர் கொப்பியில் (தடித்த அட்டைப் பதிவுக் கொப்பி) எழுதுங்கள்: யார் யார், எத்தனை மணிக்கு, எந்த ஒழுங்கை, என்ன கண்டார்கள். அதைக் கிழமைக்கொருக்கால் கிராம அலுவலரிடமும் பொலிஸ் பொறுப்பதிகாரியிடமும் காட்டுங்கள். தனிப்பட்ட கோபத்துக்கு யாரையாவது மறித்தவரை, தலைவரின் மருமகன் என்றாலும், கூட்டத்தில் வைத்தே விலக்குங்கள். தலைவர் அதைத் தடுத்தால் நீங்களே எழுத்தில் பொறுப்பதிகாரிக்குக் கொடுங்கள், பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்க மறக்க வேண்டாம்.