ஷோரூம் ஷட்டர் போட்டுட்டாங்க, வாரண்டி, அட்வான்ஸ் எல்லாம் என்ன ஆகும்?

கீழக்கரை பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, வாப்பா மீன் ஏவாரத்துக்குன்னு போன வருஷம் எங்க ஊர் ஷோரூம்லதான் லோன் போட்டு பைக் எடுத்தோம். இப்ப போய் பாத்தா ஷட்டர் இறங்கி கெடக்கு, போர்டையும் கழட்டிட்டாங்க, ஃபோனும் எடுக்க மாட்டேங்குறாங்க. ரெண்டு ஃப்ரீ சர்வீஸ் பாக்கி இருக்கு, வாரண்டி இருக்கு, அங்கேயே காசு கட்டி ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) வேற போட்டோம். அதுபோக தங்கச்சிக்கு ஸ்கூட்டர் புக் பண்ணி 10,000 ரூபா அட்வான்ஸ் கொடுத்துருக்கோம். எல்லாம் போச்சா?"

போகல தம்பி. ஆனா நீங்க சொன்ன நாலும் ஒரே கணக்குல வராது. வாரண்டியும் ஃப்ரீ சர்வீஸும் கம்பெனி கொடுக்கறது, அது உங்க வண்டி சேசிஸ் நம்பரோட போகும், கடை இருந்தாலும் இல்லாட்டியும் அது உங்களோடது. ஏஎம்சியும் அட்வான்ஸும் கடைக்காரர் கையில கொடுத்த காசு, அலைய வேண்டியது அதுக்குத்தான், அதுலயும் லேட் பண்ணாம அலையணும்.

மொதல்ல வீட்டுல இருக்கற டாக்ஸ் இன்வாய்ஸ எடுங்க. மேல யார் பேரு போட்டிருக்குன்னு பாருங்க, போர்டுல இருந்த பேரு இல்ல, பில்லுல இருக்கற பேரு. ஏன்னா கீழக்கரை, தொண்டி, சாயல்குடி மாதிரி ஊர்கள்ல இருக்கற பல ஷோரூம் நேரடி டீலரே கிடையாது, ராம்நாட்டுலயோ பரமக்குடியிலயோ இருக்கற மெயின் டீலர்கிட்ட வண்டி வாங்கி விக்கற சப் டீலர். பில்லு மெயின் டீலர் பேர்ல இருந்துச்சுன்னா உங்களுக்கு வித்தவரு இன்னும் கடை நடத்திக்கிட்டுதான் இருக்காரு, நேரா அவர்கிட்ட போய் நிக்கலாம், "அந்த பிராஞ்சை மூடிட்டோம், எங்களுக்கு தெரியாது"ன்னு அவர் கைகழுவ முடியாது. பில்லுல 33ல ஆரம்பிக்கற 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர் ஒண்ணு இருக்கும். அதை ஜிஎஸ்டி வெப்சைட்ல போட்டு தேடினா ஓனரோட சட்டப்படியான பேரு, தனி ஆளா பார்ட்னர்ஷிப்பா, ரெஜிஸ்ட்ரேஷன் நடப்புல இருக்கா கேன்சல் ஆயிருச்சா எல்லாம் காட்டும், லாகின் கூட தேவையில்ல. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, பின்னாடி புகார் எழுதும்போது எதிர்தரப்பு பேரு இல்லாமதான் பாதி பேர் முழிக்கிறாங்க.

அடுத்தது கம்பெனி. கஸ்டமர் கேருக்கு ஃபோன் பண்ணினா மட்டும் பத்தாது, மெயில் போடுங்க. வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், இப்ப ஓடியிருக்கற கிலோமீட்டர், அடுத்த சர்வீஸ் எப்ப டியூ, ஷோரூம் மூடியிருக்கு, பக்கத்துல எந்த சர்வீஸ் சென்டருக்கு போகணும்னு கேட்டு நாலு வரி போதும். இதை ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, வாரண்டி அடிபடறது பெரும்பாலும் கடை மூடினதால இல்ல, கடை மூடிருச்சேன்னு நாம சும்மா இருந்து சர்வீஸ் தேதியும் கிலோமீட்டரும் தாண்டி போறதாலதான். நாளைக்கு இன்ஜின்ல ஏதாவது ஆகி கிளைம் பண்ண போனா "மூணாவது சர்வீஸ் எங்க?"ன்னு கேப்பாங்க, அப்ப டியூ தேதிக்கு முன்னாடியே நீங்க போட்ட மெயிலு கையில இருக்கணும்.

ராம்நாடு சென்டருக்கு போனா "நீங்க எங்ககிட்ட வாங்கலையே"ன்னு மூஞ்சிய காட்டுவாங்க, அதுக்கெல்லாம் திரும்பி வந்துறாதீங்க. ஃப்ரீ சர்வீஸ்ல அவங்க பாக்கற வேலைக்கு லேபர் காசை கம்பெனி அவங்களுக்கு கொடுத்துரும், அவங்க சும்மா செய்யல. ஆயிலு, ஃபில்டர் மாதிரி பொருளுக்கு மட்டும் நீங்க கொடுக்கணும், அது பழைய ஷோரூம்லயும் கொடுத்ததுதான். பழைய சர்வீஸ் விவரம் பூரா கம்பெனி சிஸ்டத்துல இருக்கும், வண்டி நம்பர போட்டா வரணும். வரலைன்னா பழைய ஜாப் கார்டு, பில்லு காட்டுங்க, அதனால அந்த காகிதங்கள தூக்கி போட்டுறாதீங்க. வாரண்டி முடியற வரைக்கும் தெரு மெக்கானிக்கிட்ட இன்ஜின பிரிக்க விடாதீங்க, பஞ்சர் பிரேக் ஷூவோட நிப்பாட்டிக்கங்க. கம்பெனியே நாட்டை விட்டு போன கேஸ்லயே ஏற்பாடு பண்ணிட்டுதான் போனாங்க, 2020ல ஹார்லி டேவிட்சன் இந்தியாவுல கடைய சுருட்டினப்ப சர்வீஸ், ஸ்பேர் பொறுப்பை ஹீரோ எடுத்துக்கிச்சு. இங்க மூடினது ஒரு டீலர் மட்டும்தான்.

ஏஎம்சி கார்டை திருப்பி பாருங்க. கம்பெனி லோகோவோட நம்பர் போட்டு கம்பெனி சிஸ்டத்துல ஏறியிருந்தா வேற சென்டர்லயும் செல்லும். ஷோரூமே அச்சடிச்ச கார்டுன்னா மத்த இடத்துல எடுக்க மாட்டாங்க, அந்த காசையும் அட்வான்ஸோட சேத்து கேக்க வேண்டியதுதான்.

இப்ப அந்த 10,000. ரசீது இருக்கா, ஜிபேல அனுப்பினீங்களா, வாட்ஸ்அப்ல கலர் மாடல் பேசினது இருக்கா, எல்லாத்தையும் மொதல்ல ஒரு காப்பி எடுங்க. பில்லு அட்ரஸுக்கும் ஓனர் அட்ரஸுக்கும் ஸ்பீட் போஸ்ட்ல ஒரு லெட்டர், 15 நாள் டைம் கொடுத்து, கம்பெனிக்கும் ஒரு நகல். கூடவே 1915ங்கற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சுருங்க, காசில்ல, தமிழ்லயே பேசலாம், பல கம்பெனிங்க அதுல வர்ற புகாருக்கு பதில் சொல்றாங்க. அதுலயும் நகரலைன்னா ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளோட விலை 5 லட்சம் வரைக்கும் புகார் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்ல, இ-ஜாக்ரிதிங்கற நுகர்வோர் ஆணைய தளத்துல ஆன்லைன்லயே போடலாம், பிரச்சனை ஆரம்பிச்சதுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுறணும். டீலரையும் கம்பெனியையும் ரெண்டு பேரையும் எதிர்தரப்பா சேருங்க. கடைய மூடிட்டா கடன் தீந்துராது, தனி ஓனர்னா அவரே பொறுப்பு, பார்ட்னர்ஷிப்னா எல்லா பார்ட்னரும் பொறுப்பு.

இதுல உங்க வாப்பா விஷயம் ஒண்ணு இருக்கு. "மீன் ஏவாரத்துக்கு வாங்கின வண்டி, அது கமர்ஷியல், நுகர்வோர் கேஸ் போட முடியாது"ன்னு யாராவது பயமுறுத்தலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துலயே தெளிவா இருக்கு, சுயதொழில் பண்ணி பொழைக்கறதுக்காக மட்டும் ஒருத்தர் வாங்கி அவரே பயன்படுத்தற பொருள் வணிக நோக்கத்துல சேராது. பின்னாடி பெட்டியும் ஐஸும் கட்டிக்கிட்டு விடியக்காலையில மீன் ஏலத்துக்கு ஓடுற ஒரு மனுஷனுக்காகவே எழுதின வரி மாதிரி எனக்கு தோணும், அதை விட்டுக்கொடுக்காதீங்க.

மூடப்போறது தெரிஞ்சே அட்வான்ஸ் வாங்கியிருக்காங்க, உங்கள மாதிரி இன்னும் பல பேருன்னு தெரிஞ்சா எல்லாரும் சேந்து எஸ்பி ஆபீஸ்ல மனு கொடுங்க, அது மோசடி, பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) குற்றச் சட்டத்தோட 318வது பிரிவுல வரும். தனியா போறதுக்கும் இருவது பேரு ரசீதோட போறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.

லோன் இஎம்ஐய மட்டும் நிறுத்திறாதீங்க. கடன் கொடுத்தது பேங்க், கடைக்காரர் இல்ல, நிறுத்தினா சிபில் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) அடிபடும், வண்டியையும் தூக்குவாங்க. இவ்ளோ நாள் ஷோரூம் கவுன்டர்ல கட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா அதெல்லாம் வரவு ஆயிருக்கான்னு ஸ்டேட்மென்ட் வாங்கி பாருங்க. தங்கச்சி ஸ்கூட்டருக்கும் லோன் பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டீங்களா? போட்டிருந்தா இன்னைக்கே ஃபைனான்ஸ்காரங்களுக்கு "வண்டி டெலிவரி ஆகல, பணத்தை டீலருக்கு விடாதீங்க, விட்டிருந்தா லோன கேன்சல் பண்ணுங்க"ன்னு எழுத்துல கொடுங்க. 30 நாள்ல சரியான பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன்கிட்ட (குறைதீர்ப்பாளர்) போகலாம்.

ஆர்சி வந்துருச்சான்னு பரிவாகன்ங்கற அரசு வெப்சைட்ல ஒரு தடவ பாத்துக்கங்க, இன்சூரன்ஸ் பாலிசி நம்பர் நிஜமாவே ஏறியிருக்கான்னும் பாருங்க. புது டூவீலருக்கு தேர்ட் பார்ட்டி 5 வருஷத்துக்கு இருக்கும், ஆனா வண்டி டேமேஜுக்கான பாகம் பெரும்பாலும் 1 வருஷம்தான், ரினியூவல் ஞாபகப்படுத்த இனிமே ஷோரூம்ல இருந்து யாரும் கூப்பிட மாட்டாங்க. சாவிக்கொத்துல நம்பர் அடிச்ச சின்ன தகர வில்லை இருந்தா ஃபோட்டோ எடுத்து வைங்க, சாவி தொலைஞ்சா அந்த நம்பர வச்சுதான் பல கம்பெனியில புது சாவி வரவழைப்பாங்க.

கடைசியா ஒண்ணு, துருவுக்கு வாரண்டியில இடமில்ல. நம்ம கடக்காத்துல, அதுவும் ஐஸ் தண்ணி சொட்டுற மீன் பெட்டி ஏத்துற வண்டியில, செயினும் சைலன்சரும் பின்னாடி கேரியர் போல்ட்டும்தான் மொதல்ல போகும். இனிமே சர்வீஸுக்கு ராம்நாடு வரைக்கும் போகணுங்கறதால தள்ளித்தள்ளி போடத் தோணும், அதனால தினமும் ஏவாரம் முடிஞ்சதும் நல்ல தண்ணியில பின்பக்கத்த கழுவி, செயினுக்கு வாரம் ஒருதடவ செயின் லூப் (மசகு) அடிக்க சொல்லுங்க வாப்பாகிட்ட.