அரசுப் பள்ளிக்கு நன்கொடை: பணமா, பொருளா?

கேள்வி: ஆசிரியையாக இருந்த எங்கள் அம்மா போன வருடம் காலமானார். அவர் நினைவாக ஓர் அரசுப் பள்ளியில் வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்க நானும் தம்பியும் நினைத்திருக்கிறோம். பணமாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா? டேப்லெட் வாங்கித் தரலாம் என்கிறான் தம்பி. என் கணவரோ, "நாம் கொடுக்கக் கொடுக்க அரசாங்கம் கையைக் கழுவிக்கொள்ளும்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: டேப்லெட்டை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் அந்தப் பள்ளிக்கு ஒரு நடை போய்வாருங்கள். "பள்ளிக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பெயின்ட், நுழைவாயில், விழா மேடை என்றுதான் பட்டியல் வரும். அவையும் தேவைதான், ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் பிள்ளையைத் தேடிப் போய்ச் சேராது. "அடிக்கடி லீவு போடும் பிள்ளைகள் யார்? தினமும் வந்தும் பாடம் ஏறாமல் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? எதனால்?" என்று கேளுங்கள். தலைமையாசிரியரோடு நிறுத்திவிடாமல் வகுப்பாசிரியரிடமும் கேளுங்கள். பதில் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.

பள்ளி நன்கொடை வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஒரு வகுப்பில், ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் ஒரு சிறுமி பக்கத்துப் பிள்ளையின் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி அடிக்கிறாள் என்று எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறாள். கண் பரிசோதனை செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கண்ணாடி வந்த அன்று, யாரும் சொல்லாமலே, பலகையின் மூலையில் இருந்த தேதியிலிருந்து ஆரம்பித்துக் கடைசி வரி வரை சத்தமாகப் படித்து முடித்தாள். அந்த வகுப்புக்கு அதற்கு முன் ஸ்மார்ட் டிவி நன்கொடையாக வந்திருந்தது. அதுவும் அவளுக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

இது ஒரு பிள்ளையின் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் பால்டிமோர் நகர அரசுப் பள்ளிகளில் மாணவர்களுக்குப் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசமாகக் கொடுத்து, அதனால் படிப்பு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தார்கள். 2021இல் வெளியான அந்த முடிவுகளின்படி, முதல் ஆண்டில் மதிப்பெண் கூடியது. படிப்பில் மிகவும் பின்தங்கியிருந்தவர்களுக்கு அதிகமாகக் கூடியது. கண்ணாடி கொடுப்பதாக இருந்தால் உடைந்தால், தொலைந்தால் மாற்றித் தரவும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் கையில் கண்ணாடி ஒரு வருடம் முழுசாகத் தாங்காது.

தம்பியின் டேப்லெட்டுக்கு வருகிறேன். பெரு நாட்டின் கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்த பெரிய திட்டத்தை ஆராய்ந்து 2012இல் அறிக்கை வெளியிட்டார்கள். கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. கென்யாவில் 1990களில் பாடப்புத்தகங்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் பயன்பட்டது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. புத்தகம் கைக்கு வந்தும் அவர்களால் அதைப் படிக்க முடியவில்லை.

நானே ஒரு பள்ளியில் பீரோவைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். முப்பது டேப்லெட்டுகள், திரையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூட உரிக்காமல் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த அறையில் சார்ஜ் போட ஒரே ஒரு பிளக் பாயின்ட். தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் ஆசிரியர்கள் அதைத் தொடவே இல்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடுத்தவர்கள் பொருளைக் கொடுத்தார்கள். அதை ஓட்டும் செலவையும் பழுது பார்க்கும் ஆளையும் பொறுப்பு யாருடையது என்ற முடிவையும் கொடுக்கவில்லை.

பணமா பொருளா என்பதற்கு இப்போது வருவோம். அரசுப் பள்ளிக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு சம்பளம். மீதியும் ஒவ்வொரு தலைப்பின் கீழ் வரும். கட்டடப் பராமரிப்புக்கு வந்ததை எடுத்து ஒரு பிள்ளைக்குச் செருப்பு வாங்க முடியாது, வாங்கினால் தணிக்கையில் மாட்டும். பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், நாப்கின், காது கேட்கும் கருவிக்கு பேட்டரி, திடீரென்று வீடிழந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாற்று உடை என்று சின்னச் சின்னத் தேவைகள் பல இடங்களில் எந்தத் தலைப்புக்குள்ளும் அடங்காமல் நிற்கும். அப்புறம் அவை ஆசிரியரின் சொந்தப் பர்ஸிலிருந்துதான் போகும். நன்கொடைக்கு உண்மையான மதிப்பு இந்த இடத்தில்தான். எனவே ஒரு பகுதியைப் பணமாகவே கொடுங்கள், ஆனால் தனிநபர் பெயரில் வேண்டாம். பள்ளியின் அல்லது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வங்கிக் கணக்கில் போடுங்கள். எதற்காக என்று கடிதம் எழுதி, அதை ஒரு தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, ரசீது வாங்குங்கள். பொருளாகக் கொடுப்பது இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். வருட முடிவில் செலவுக் கணக்கைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம், நல்ல தலைமையாசிரியர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பணத்தைக் கையில் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் வேறு வழியும் உண்டு. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வரலாற்று ஆசிரியராக இருந்த சார்லஸ் பெஸ்ட் 2000இல் டோனர்ஸ்சூஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆசிரியர் தன் வகுப்புக்குத் தேவையானதை எழுதுவார், விருப்பமுள்ளவர் பணம் கொடுப்பார், அமைப்பே பொருளை வாங்கி வகுப்புக்கு அனுப்பிவிடும். நீங்களும் வகுப்பாசிரியர் எழுதித் தரும் பட்டியலை வைத்து நேராக வாங்கிக் கொடுக்கலாம்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. ஆந்திரப் பிரதேசத்திலும் ஜாம்பியாவிலும் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம் கொடுத்து ஆராய்ந்து, முடிவுகளை 2013இல் வெளியிட்டார்கள். எதிர்பாராமல் வந்த பணம் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கூட்டியது. வரப்போகிறது என்று முன்பே தெரிந்த பணம் கூட்டவில்லை. அங்கே கையை இழுத்துக்கொண்டது அரசல்ல, குடும்பங்கள். பள்ளியில் கிடைக்கும் என்று தெரிந்ததும் நோட்டுக்கும் பேனாவுக்கும் செலவழித்ததைக் குறைத்துக்கொண்டார்கள். கஷ்டத்தில் இருக்கும் குடும்பம் அந்தப் பணத்தை வேறு அவசரத்துக்குத் திருப்புவதில் தப்பே இல்லை. ஆனால் பிள்ளையின் படிப்பு மாற வேண்டும் என்றால், அரசு எப்படியும் தருவதையும் பெற்றோர் எப்படியும் வாங்குவதையும் விட்டுவிட்டு, இரண்டு பேருமே தராததைப் பிடியுங்கள்.

அரசைப் பின்வாங்க விடாமல் கொடுக்கவும் வழி இருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்ற பெயரில் இடிந்த கொட்டகைகள் இருந்த காலத்தில், கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் யோசனைப்படி ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற வணிகர் பள்ளி கட்டப் பணம் கொடுத்தார். 1912இல் தொடங்கி 1932க்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்தன. அவர் முழுச் செலவையும் ஏற்கவில்லை. ஊர் மக்கள் தங்கள் பங்கைப் போட வேண்டும், அரசுக் கல்வி நிர்வாகம் தன் பங்கைப் போட்டுப் பள்ளியை ஏற்று நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. பணமில்லாத குடும்பங்கள் மரமும் உழைப்பும் கொடுத்தன. கடைசியில் கூட்டிப் பார்த்தால் பெரிய பங்கு வரிப்பணத்திலிருந்துதான் வந்திருந்தது. நீங்கள் சிறிய அளவில் இதையே செய்யலாம்: "கண்ணாடிச் செலவு எங்களுடையது, ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை முகாமை சுகாதாரத் துறை நடத்தட்டும்" என்று எழுதிக் கேளுங்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். பேர் வாங்கிய பள்ளிக்கு முன்னாள் மாணவர்களே வரிசையில் நின்று கொடுப்பார்கள். யாரும் எட்டிப் பார்க்காத பள்ளியை விசாரித்துப் போங்கள்.

தயவுசெய்து பிள்ளைகளை மேடையில் நிறுத்திக் கொடுக்காதீர்கள். நன்கொடையாளர் பெயர் பெரிதாக அச்சடித்த பையை ஒரு பையன் தினமும் உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். "கிழிஞ்சு போச்சா தம்பி?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். யாருக்கு என்ன கிடைத்தது என்பது ஆசிரியருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

அம்மா ஆசிரியை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, அந்தந்தப் பகுதிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத 3, 4ஆம் வகுப்புப் பிள்ளைகளுடன் பள்ளி நேரத்திலேயே தினமும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தது. பிற்பாடு 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ உள்ளிட்டோர் அதை ஆராய்ந்தார்கள். பலன் தெளிவாகத் தெரிந்தது, கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்குத்தான் மிகுதியாகத் தெரிந்தது. உங்கள் தொகையில் பாதியைக் கண் பரிசோதனைக்கும், மேலே சொன்ன சின்னச் சின்னத் தேவைகளுக்கான ஆசிரியர் கையிருப்புக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியில் அப்படி ஒருவருக்கு மாத ஊதியம் கொடுக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் பேசிப் பாருங்கள். முறையான அனுமதியோடு, குறைந்தது மூன்று வருடம் தொடர்வதாக எழுதிக் கொடுங்கள். ஒரே வருடத்தில் நிறுத்தினால், பாதியில் விடப்பட்ட பிள்ளை அடுத்து வருபவரை நம்பி வாய் திறந்து படிக்க நாளாகும்.