கட்டடத்துக்குள் வழி சொல்லும் கைப்பேசி: பார்வையற்றோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பாம்பன்): சாலையில் சரியாக வழி சொல்லும் கைப்பேசி, மருத்துவமனைக்குள் நுழைந்ததும் குழம்பிவிடுகிறதே, ஐயா?

பதில்: ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் அலை தரைக்கு வரும்போதே மெலிந்துவிடுவதால், கான்கிரீட் கூரை அதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் பிழை வரலாம். தனுஷ்கோடி மணலில் அது பொருட்டல்ல. தாழ்வாரத்திலோ எக்ஸ்ரே அறைக்குப் போக வேண்டியவரை மருந்து கொடுக்கும் சன்னலில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

கேள்வி (கீழக்கரை): அப்படியானால் உள்ளே எதைக் கொண்டு வழிகாட்டுகிறார்கள்?

பதில்: பெரும்பாலும் புளூடூத் பீக்கன்களைக் கொண்டுதான். சுவரில் பொருத்தப்படும் இச்சிறு கருவிகள் தத்தம் அடையாள எண்ணை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்க, கைப்பேசி அந்த அலைகளின் வலுவை ஒப்பிட்டு, கட்டட வரைபடத்தில் தான் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. ஐபிஎம் நிறுவனமும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் உருவாக்கிய நேவ்காக் என்ற வழிகாட்டும் செயலி இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சிக்கொள்ளும். மனித உடலில் பெரும்பகுதி நீர்தான். ஆகவே, ஆளற்ற மாலையில் சரியாக இருந்த கணிப்பு, காலை நேரத்துப் புறநோயாளிக் கூட்டத்தில் தடுமாறும். நம் கரையில் உப்புக்காற்று வேறு. சோதனைக்காக மாட்டியிருந்த ஒரு பீக்கனைக் கழற்றித் தடவிப் பார்த்தேன்; பொத்தான் மின்கலம் உட்காரும் தகடு சொரசொரவென்று பூத்துப்போயிருந்தது. கருவியின் விலையை விசாரிப்பவர்கள், மின்கலத்தை மாற்றப்போவது யார் என்பதையும் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (தொண்டி): ராமேசுவரம் கோயில் பிரகாரத்துக்கு இது ஒத்துவருமா, அண்ணா?

பதில்: கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை, தம்பி. இருந்தாலும், மூன்றாம் பிரகாரத்தின் 1,212 தூண்கள் ஒன்றைப்போல ஒன்று நிற்கையில், கேமராவைக் கொண்டு இடமறியும் செயலி திணறத்தான் செய்யும் என்பது என் கருத்து.

கேள்வி (மண்டபம்): பீக்கன் பொருத்தாத கட்டடத்தில் என்ன செய்வது?

பதில்: லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் உணரியுள்ள ஐபோன்களில், 2022-இல் வெளியான ஐஓஎஸ் 16 இயங்குதளம் முதல், மேக்னிஃபையர் என்ற உருப்பெருக்கிச் செயலி கதவைக் கண்டறிந்து, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, தள்ள வேண்டுமா இழுக்க வேண்டுமா என்பதையெல்லாம் சொல்கிறது. விலைதான் நம்மில் பலருக்கு எட்டாது.

கேள்வி (ஏர்வாடி): இனிக் கைத்தடி தேவையில்லை என்கிறான் என் மகன். சரிதானா?

பதில்: சரியல்ல, அம்மா. முன்னால் படிக்கட்டு இருப்பதைக் கைப்பேசி சொல்லும். முதல் படியின் விளிம்பையும், துடைப்பவர் வழியில் வைத்துவிட்டுப் போன வாளியையும் தடியின் முனைதான் கண்டுபிடிக்கும்.